சுங்கை சிப்புட் தாமான் வீட்டில் மின்சாரக் காருக்கு மின்னேற்றம்: மும்முனை இணைப்பு தேவையா?

சிப்புட்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் தந்தையார் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வாங்கிய ஒற்றை மாடி வரிசை வீட்டில் நாங்கள் நால்வர் வசிக்கிறோம். எனக்கு வேலை ஈப்போவில். நாள்தோறும் போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கிறது. பழைய கார் அடிக்கடி பட்டறையில் போய்ப் படுத்துக்கொள்வதால், புரோட்டோன் இ.மாஸ் 7 மின்சாரக் கார் வாங்கலாம் என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டது. காரைப் பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. வீட்டில் அதற்கு மின்னேற்றம் செய்வது எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது.

கார் 11 கிலோவாட் வரை ஏற்கும் என்பதால், மின்விநியோக நிறுவனமான டிஎன்பியிடம் விண்ணப்பித்து மும்முனை இணைப்புக்கு, அதாவது த்ரீ ஃபேஸுக்கு மாறிவிடுவதே முறை என்கிறார் விற்பனையாளர். அதெல்லாம் வீண் செலவு, போர்ச்சில் சலவை இயந்திரத்துக்காகப் போட்ட பிளக்கில் சொருகினால் காலைக்குள் ஏறிவிடும் என்கிறார் மச்சான். இடி இடித்தால் தொலைக்காட்சியின் பிளக்கைக்கூடப் பிடுங்கி வைத்துவிடும் தந்தையாரோ, இரவு முழுவதும் கார் மின்சாரத்தில் மாட்டியிருக்கும் என்பதைக் கேட்டதிலிருந்து சமாதானமாகவே இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது ஒருமுனை இணைப்பு. மீட்டர் முன்சுவரில் இருக்கிறது. வீட்டு வயர்களெல்லாம் பிரியும் டிபி பெட்டி முன்கதவுக்கு மேலே உள்ளே இருக்கிறது. குளியலறையில் ஒரு வாட்டர் ஹீட்டரும் படுக்கையறைகளில் இரண்டு ஏர்கோனும் உண்டு. மாதப் பயன்பாடு 300 யூனிட்டைத் தாண்டுவதில்லை. வயரிங் வீடு கட்டியபோது போட்டது. ஏர்கோன்களுக்கு மட்டும் பிற்பாடு தனியாக வயர் இழுத்தார்கள். இந்த நிலையில் மும்முனை இணைப்பு உண்மையிலேயே வேண்டுமா, மின்கட்டணம் எவ்வளவு உயரும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பேராக் வயர்மேன் எழுதியது:

வணக்கம் தம்பி. மும்முனை இணைப்பு உங்களுக்கு வேண்டாம். மச்சான் சொல்லும் சலவை இயந்திரப் பிளக்கும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். இந்த அளவுள்ள கார் நம் ஊர்ச் சாலைகளில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும். அப்படியானால் உங்கள் 60 கிலோமீட்டருக்கு 9 யூனிட் ஆகிறது. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றி பேட்டரிக்குள் செலுத்தும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், சுவரிலிருந்து ஏறக்குறைய 10 யூனிட் எடுக்க வேண்டியிருக்கும். கார் இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை வீட்டில்தான் நிற்கிறது. ஒருமுனை இணைப்பில் 16 ஆம்பியர் எடுத்தால் 3.7 கிலோவாட் கிடைக்கும். மூன்று மணி நேரத்துக்குள் அன்றைய ஓட்டத்துக்கான மின்சாரம் ஏறிவிடும். மும்முனையில் 11 கிலோவாட் கொடுத்தால் அதே வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் உறங்கும் நேரத்தில் அது ஒரு மணியில் முடிந்தால் என்ன, மூன்று மணியில் முடிந்தால் என்ன? அதற்காக விண்ணப்பம், டிஎன்பியின் இணைப்புக் கட்டணம், புதிய மீட்டர், புதிய டிபி பெட்டி, மும்முனை உரிமம் உள்ள வயர்மேனுக்குக் கூலி என்று செலவிட வேண்டியிருக்கும். வீட்டு முன் ஓடும் கம்பத்தில் மும்முனைக் கம்பி இல்லாவிட்டால் செலவும் காத்திருப்பும் இன்னும் கூடும்.

இனி அந்தப் பிளக். நம் நாட்டுப் பிளக் 13 ஆம்பியருக்கு வடிவமைக்கப்பட்டது என்றாலும், மணிக்கணக்கில் அதே அளவு மின்சாரம் தொடர்ந்து பாய்வதற்காக வடிவமைக்கப்பட்டது அன்று. கெட்டில் ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். சலவை இயந்திரத்தின் மோட்டார் விட்டுவிட்டுத்தான் இயங்கும். கார் மட்டுமே 10 ஆம்பியரை நாலரை மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். பழைய சாக்கெட்டுகளைக் கழற்றிப் பார்த்தால் லைவ் முனையைச் சுற்றிலும் பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். உள்ளே பிளக்கின் பல்லைக் கவ்விப் பிடிக்க வேண்டிய செம்புத் தகடு இறுக்கம் இழந்து அகன்றிருக்கும். திருகுக்குள் இருக்கும் வயரின் மேலுறை தொட்டாலே நொறுங்கும். கவ்வல் தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும், மின்தடை கூடினால் வெப்பம் கூடும், வெப்பம் கூடினால் தகடு மேலும் தளரும். இதில், மிகையான மின்சாரம் பாய்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி விழாது. ஏனென்றால் எடுக்கப்படும் மின்சாரம் அளவுக்குள்தான் இருக்கிறது. சூடு மட்டுமே ஏறுகிறது. சாக்கெட் கருகும்வரை டிபி பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. போதாததற்கு, போர்ச்சுப் பிளக் பெரும்பாலும் வரவேற்பறைப் பிளக்குகளோடு ஒரே வயரில்தான் கோக்கப்பட்டிருக்கும்.

ஆகவே டிபி பெட்டியிலிருந்து போர்ச் வரை காருக்கென்று தனி வயர் இழுங்கள். மின்னேற்றக் கருவியை 16 ஆம்பியரில் வைத்தாலும், வயரை 6 சதுர மில்லிமீட்டரில் போட்டுவிட்டால், பின்னால் 32 ஆம்பியருக்கு உயர்த்த நினைக்கும்போது எம்சிபியை மட்டும் மாற்றினால் போதும், சுவரை மறுபடி உடைக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் டிபி பெட்டி முன்கதவுக்கு மேலேயே இருப்பதால் தூரமும் குறைவு.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் எர்த்தும். உங்கள் வீட்டில் இருக்கும் ஆர்சிசிபி அநேகமாக ஏசி வகையாக, அதாவது மாறுதிசை மின்கசிவை மட்டும் உணரும் வகையாக இருக்கும். காரின் உள்மின்னேற்றிப் பகுதியில் கோளாறு ஏற்பட்டால் நேர்திசை மின்கசிவு வரக்கூடும். அது ஏசி வகை ஆர்சிசிபியின் உட்கருவை மந்தமாக்கிவிடும். பிறகு யாராவது உண்மையிலேயே மின்சாரத்தைத் தொட்டாலும் அது விழாமல் போகலாம். இதைத் தவிர்க்கவே, 6 மில்லி ஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டறியும் அமைப்பு மின்னேற்றக் கருவிக்குள் இருக்க வேண்டும். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஏ வகை ஆர்சிசிபியைத் தனியாகப் போட வேண்டும். கருவிக்குள் அந்த அமைப்பு இல்லையென்றால் பி வகை ஆர்சிசிபி போட வேண்டும், அது விலை அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள்: காருக்கான வயரை வீட்டின் பழைய ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்து எடுக்காமல், மெயின் சுவிட்சிலிருந்து நேராகப் பிரித்து அதன் சொந்த ஆர்சிசிபிக்குக் கொண்டு செல்ல வேண்டும். அப்போதுதான் கார் பக்கத்துக் கோளாறு வீட்டுப் பக்கத்துப் பாதுகாப்பைக் கெடுக்காது.

நம் வீடுகளில் எர்த்துக்கு டிஎன்பி பொறுப்பில்லை. வீட்டுக்காரர் தம் மண்ணில் அடித்திருக்கும் செம்புக் கம்பிதான் எர்த். அந்தக் காலத்தில் அடித்த கம்பியின் மேல்முனைப் பிடிப்பு பச்சை பூத்து அரித்துப்போயிருக்கும், அல்லது போர்ச்சுக்குச் சிமெண்டு போட்டவர்கள் அதை வெட்டியே விட்டிருப்பார்கள். எர்த் சரியில்லாவிட்டால் நல்ல மின்னேற்றக் கருவி வேலை செய்யவே மறுத்துவிடும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்கள் பலருக்கும் கோளாறு மண்ணுக்குள்தான் இருக்கிறது. கம்பியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், தேவையென்றால் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள்.

கோலகங்சார் இ-கார் எழுதியது:

வயர்மேன் ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். 16 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நான் ஒருமுனை இணைப்பிலேயே 32 ஆம்பியர், அதாவது 7.4 கிலோவாட் கருவி வைத்திருக்கிறேன். அன்றாட ஓட்டத்துக்கு அது தேவையில்லை என்பது சரிதான். ஆனால் வாழ்க்கை அன்றாட ஓட்டத்தோடு முடிவதில்லையே. ஞாயிறு இரவு பினாங்கிலிருந்து பேட்டரி வறண்டு வீடு திரும்பி, மறுநாள் விடியற்காலையில் கோலாலம்பூருக்குக் கிளம்ப வேண்டிய நிலை வந்தால், 16 ஆம்பியரில் எட்டு மணி நேரத்துக்கு 30 யூனிட்தான் கிடைக்கும். 32 ஆம்பியரில் பேட்டரி அநேகமாக நிறைந்துவிடும். நெடுஞ்சாலையில் விரைவு மின்னேற்றத்துக்கு யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து, அதற்கும் வரிசையில் நிற்பதைவிட வீட்டிலேயே நிறைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. கருவியின் விலையிலும் 16க்கும் 32க்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டு ஃபியூஸ் தாங்குமா என்று கேட்பீர்கள். மெயின் வயரைச் சுற்றி ஒரு சிறிய வளையம் போன்ற உணரியை மாட்டிவிட்டால், வீட்டின் மொத்தப் பயன்பாட்டை அது கருவிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மனைவி வாட்டர் ஹீட்டரைப் போட்டதும் கார் 32 ஆம்பியரிலிருந்து 14, 15 என்று தானாக இறங்கிக்கொள்ளும். குளித்து முடித்ததும் மறுபடி ஏறிக்கொள்ளும். கைப்பேசியில் அந்தக் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தே வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்!

மழையைப் பற்றி ஒரு சொல். போர்ச்சில் சாரல் அடிக்கும் சுவரில் கருவியை மாட்டாதீர்கள். தூசியையும் நீரையும் தடுக்கும் ஐபி54 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் என்று எழுதியிருந்தாலும், கூரைக்குக் கீழே, வெயிலும் படாத சுவரே நல்லது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்ப்பனைத் தோட்டம் என்பதால் எலித் தொல்லை சொல்லி மாளாது. திறந்தபடி போட்ட வயரைக் கொறித்துவிடும் என்று இரும்புக் குழாய்க்குள் இழுக்கச் சொன்னேன். அதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானதில் எனக்கு வருத்தமில்லை.

பேராக் வயர்மேன் எழுதியது:

கோலகங்சார் நண்பர் சொல்லும் வளைய உணரி நல்ல ஏற்பாடு. அது இருந்தால் 32 ஆம்பியருக்கு நானும் மறுப்புச் சொல்லமாட்டேன். அது இல்லாமல் 32 போடுகிறவர்களைத்தான் நான் எச்சரிக்கிறேன்.

சிப்புட் தம்பிக்காகக் கணக்கை விளக்குகிறேன். ஒருமுனை இணைப்பில் டிஎன்பி அனுமதிக்கும் உச்சத் தேவை 12 கிலோவோல்ட் ஆம்பியர். மீட்டருக்கு முன்னால் இருக்கும் கட்-அவுட் ஃபியூஸ் பொதுவாக 60 ஆம்பியர். காருக்கு 32, வாட்டர் ஹீட்டருக்கு 15 அல்லது 16, இரண்டு ஏர்கோனுக்குப் பத்து, அம்மா தண்ணீர் கொதிக்க வைத்தால் 9 என்று சேர்த்துப் பாருங்கள்: இரவு எட்டரை மணிக்கே 60ஐத் தாண்டிவிடும். ஃபியூஸ் உடனே போய்விடாது என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. சிறிய மிகைச்சுமையை அது வெகுநேரம் பொறுத்துக்கொள்ளும். அந்த நேரமெல்லாம் பழைய மெயின் வயரும் மீட்டர் முனைகளும் சூடேறிக்கொண்டிருக்கும். அதிலும் பழைய குறைந்தவிலை வீடுகளில் 60க்கும் குறைவான ஃபியூஸ் இருப்பதுண்டு. ஆகவே முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எத்தனை ஆம்பியர் என்று உறுதிப்படுத்துங்கள். டிஎன்பியின் முத்திரையை உடைத்துத் திறந்து பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். கட்-அவுட்டும் மீட்டரும் அவர்கள் உடைமை. அதில் வேலை இருந்தால் அவர்களே வந்து செய்ய வேண்டும்.

தந்தையாரின் அச்சத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். இடிமின்னலில் நம் நாடு உலகின் முன்வரிசையில் இருக்கிறது. பிற்பகல் மழையில் கம்பி வழியே வரும் மின்னெழுச்சி மின்னணுச் சாதனங்களைப் பதம் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். டிபி பெட்டியில் எழுச்சித் தடுப்பான் ஒன்றைப் போட்டு, அதன் எர்த் வயரை முடிந்த அளவு குட்டையாக இணைத்தால் பெருமளவு காப்பாற்றும். பலத்த இடி கேட்டால் அவர் கையாலேயே காரின் எம்சிபியை அணைத்துவிடட்டும், அதில் தவறேதும் இல்லை. மழை பெரும்பாலும் மாலையோடு ஓய்ந்துவிடும். மின்னேற்றத்துக்கு இரவு முழுவதும் இருக்கிறது.

கணக்குப்புலி எழுதியது:

மின்கட்டணத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து தீபகற்பத்தில் கட்டண முறை மாறிவிட்டது. பழைய படிக்கட்டு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தவறாகவே வரும்.

வீட்டுப் பயன்பாட்டுக்கு மாதம் 1,500 யூனிட் வரை மின்சக்திக்கு 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென். மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென் வருகிறது. இதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை என்று ஒன்று கழிக்கப்படும். 200 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு கிடைக்கிறது. பயன்பாடு ஏற ஏற இது படிப்படியாகக் குறைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமலே போகிறது. முக்கியமான செய்தி என்னவென்றால், நீங்கள் எந்தப் படியில் போய் நிற்கிறீர்களோ அந்தப் படியின் கழிவுதான் உங்கள் மொத்த யூனிட்டுக்கும் பொருந்தும்.

சிப்புட் நண்பர் இப்போது 300 யூனிட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படிக்குக் கழிவு 22.5 சென், யூனிட் 21.93 சென்னுக்கு வந்து, மாதம் ஏறக்குறைய 66 ரிங்கிட் ஆகிறது. காருக்கு மாதம் 1,500 கிலோமீட்டர் என்று வைத்து 250 யூனிட் கூட்டினால் 550 யூனிட். அங்கே கழிவு 10.5 சென்னாகச் சுருங்கிவிடும். யூனிட் 33.93 சென், மாதம் ஏறக்குறைய 187 ரிங்கிட். ஆக, கார் வந்ததால் ஏறுவது 121 ரிங்கிட். கார் எடுத்த யூனிட் ஒவ்வொன்றுக்கும் 48 சென் கொடுத்ததாக ஆகிறது. ஏனென்றால் கார் தன் யூனிட்டுக்கு மட்டுமின்றி, வீட்டின் பழைய 300 யூனிட்டுக்குக் கிடைத்துவந்த கழிவையும் அரித்துவிடுகிறது. பில்லில் காணும் சராசரியை வைத்து ‘கார் யூனிட் 34 சென்தான்’ என்று பெருமை பேசுவோர் இதைக் கவனிப்பதில்லை. இதற்கு மேல், 300 யூனிட்டைத் தாண்டுவதால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு சேரும்.  600 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் சரிக்கட்டல் தொகையும், கூடுதல் யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் வந்துவிடும்.

பெட்ரோலோடு ஒப்பிட்டால், 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காருக்கு அதே 1,500 கிலோமீட்டருக்கு 105 லிட்டர் வேண்டும். அரசாங்கத்தின் பெட்ரோல் மானியத் திட்டமான பூடி 95இன் 1.99 ரிங்கிட் விலையில் அது 209 ரிங்கிட். மாதம் 85 ரிங்கிட் அளவுக்கு மிச்சமாகும். இது நல்ல தொகைதான், ஆனால் விற்பனைக் கூடத்தில் சொல்லப்படும் அளவுக்குப் பெரிதன்று. மானிய விலையில் பெட்ரோல் கிடைக்கும்வரை, மின்னேற்றக் கருவிக்குப் போடும் பணத்தை எண்ணிப் போடுவதே புத்திசாலித்தனம். அதனால்தான் மும்முனை வேண்டாம் என்று வயர்மேன் ஐயா சொன்னதை நான் இரு கைகளாலும் ஆதரிக்கிறேன்.

நேரவாரிக் கட்டணத் திட்டத்தில் சேரலாமா என்று அடுத்த கேள்வி வரும். அதில் வார நாள்களில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை உச்ச நேரம். மற்ற நேரமும், வார இறுதியும், பொது விடுமுறையும் தாழ்நேரம். மின்சக்தி உச்ச நேரத்தில் 28.52 சென், தாழ்நேரத்தில் 24.43 சென். கார் 250 யூனிட்டையும் இரவு பத்துக்கு மேல் எடுத்தால் மாதம் ஆறரை ரிங்கிட் மிச்சமாகும். மாலையில் ஓடும் ஏர்கோனுக்கும் சமையலுக்கும் யூனிட்டுக்கு ஒன்றரை சென் கூடுதலாகப் போவதால், அதிலும் ஒரு பகுதி கரைந்துவிடும். ஸ்மார்ட் மீட்டர் ஏற்கனவே இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள், நட்டமில்லை.

வருமான வரியில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. சொந்த வாகனத்துக்கான மின்னேற்ற வசதியை வாங்கவும் பொருத்தவும் ஆகும் செலவில் 2,500 ரிங்கிட் வரை, 2027 மதிப்பீட்டு ஆண்டுவரை விலக்குக் கோரலாம். இது வரியிலிருந்து அப்படியே கழிவது அன்று, வரிக்குட்பட்ட வருமானத்திலிருந்து கழிவது. 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு அதிகபட்சம் 275 ரிங்கிட் மிச்சமாகும். ரசீதை உங்கள் பெயரிலேயே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

தோட்டத்துக் கிராணி எழுதியது:

இந்த உரையாடலைப் படித்துவிட்டு என் நிலையையும் கேட்கத் தோன்றுகிறது. நான் எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். நிர்வாகம் கொடுத்த கிராணி வீட்டில் குடியிருக்கிறேன். மின்சாரம் டிஎன்பியிடமிருந்து தோட்டத்துக்கு மொத்தமாக வந்து, நிர்வாகத்தின் சொந்தக் கம்பி வழியாக லயத்து வீடுகளுக்கும் எங்கள் வீடுகளுக்கும் பிரிகிறது. எங்கள் வீடு அந்தக் கம்பியின் கடைசி முனையில் இருக்கிறது. எல்லா வீட்டிலும் சமையல் நடக்கும் மாலை நேரத்தில் மின்விளக்கே மங்கலாகத்தான் எரியும். பழைய மின்சாரக் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. இங்கே மின்னேற்றம் செய்ய வழியுண்டா?

பேராக் வயர்மேன் எழுதியது:

கிராணி ஐயா, உங்கள் நிலை சிப்புட் தம்பியின் நிலையிலிருந்து முற்றிலும் வேறானது. வீடும் கம்பியும் நிர்வாகத்துடையவை. அந்த மின்னமைப்புக்குப் பொறுப்பாக அவர்கள் நியமித்திருக்கும் தகுதி பெற்ற மின்பணியாளர் ஒருவர் இருப்பார். அவருக்குத் தெரியாமல், மேலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல், டிபி பெட்டியில் ஒரு எம்சிபியைக்கூடச் சேர்க்கக் கூடாது. நாளை எங்காவது கோளாறு வந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் விரல் உங்கள் கார் பக்கம்தான் நீளும்.

விளக்கு மங்குவது மின்னழுத்தம் விழுவதன் அறிகுறி. 230 வோல்ட்டிலிருந்து 6 விழுக்காடுவரை, அதாவது 216 வோல்ட்வரை இறங்குவது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் அடங்கும். கடைசி வீட்டில் அதற்கும் கீழே போகக்கூடும். அப்படிப்பட்ட கம்பியில் கார் மின்னேற்றம் தொடங்கினால், மின்னழுத்தம் மேலும் விழுந்து கருவி தானாக நின்றுவிடும், பிறகு மீண்டும் தொடங்கும், மறுபடி நிற்கும். பக்கத்து வீட்டுக் குளிர்பதனப்பெட்டியின் கம்ப்ரஸருக்கும் அது நல்லதன்று.

நிர்வாகத்திடம் பேசுவதானால், உங்கள் வீட்டுக்குக் கேட்காமல், துணைமின்நிலையத்துக்கு அருகில் இருக்கும் அலுவலக வளாகத்தில் ஒரு மின்னேற்ற முனை அமைத்து, அதற்கென்று தனி மீட்டர் போட்டுப் பயன்படுத்துகிறவர்களிடம் கட்டணம் வசூலிக்கும் யோசனையை முன்வையுங்கள். அலுவலகத்தில் வேலை நேரம் முழுவதும் கார் சும்மா நிற்கத்தானே செய்கிறது! அதற்கு அவர்கள் இணங்காவிட்டால் இந்தக் காரை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டிலோ வேலையிடத்திலோ மின்னேற்ற வழி இல்லாதவர் பட்டணத்து விரைவு மின்னேற்றத்தை மட்டும் நம்பினால், செலவு பெட்ரோலையும் மிஞ்சக்கூடும்.

சிப்புட்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மும்முனை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வயரை 6 சதுர மில்லிமீட்டரில் இழுத்து, வளைய உணரியோடு கூடிய 32 ஆம்பியர் கருவியை வாங்கி, இப்போதைக்கு 16 ஆம்பியரில் வைத்து, இரவு பத்து மணிக்குத் தொடங்குமாறு நேரம் குறித்துவிடலாம் என்று எண்ணுகிறேன். எம்சிபியை அணைக்கும் பொறுப்பு தமக்கே என்று சொன்னதும் தந்தையாரும் இறங்கி வந்துவிட்டார். எந்த எம்சிபி என்று இப்போதே கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

மீதமிருப்பது ஒரே சந்தேகம். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் ஏர்கோன் பொருத்துகிறார், வயரிங்கும் செய்வார். விற்பனையாளர் காட்டிய நிறுவனத்தைவிடப் பாதி விலைக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

பேராக் வயர்மேன் எழுதியது:

அவர் எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேனா, பதிவு பெற்ற மின்குத்தகையாளரின் கீழ் வேலை செய்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வது அவமரியாதை ஆகாது. முறையாகத் தொழில் செய்கிறவர் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுவார். வேலை முடிந்ததும் மேற்பார்வைக்கும் நிறைவுக்கும் உரிய போராங் ஜி, அதாவது ஜி படிவம், சோதனைக்குரிய போராங் எச் ஆகிய இரண்டிலும் கையெழுத்திட்டுத் தருவாரா என்று அடுத்துக் கேளுங்கள். அந்தத் தாள்கள் இல்லாமல் நாளை வீட்டில் தீப்பிடித்தால், காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அவற்றைத்தான். இரண்டுக்கும் ஆம் என்றால், அவர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பது உங்களுக்கு வசதிதான். ஆர்சிசிபி இரவில் விழுந்தால் கூப்பிட ஆள் இருப்பார்.

விலைப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். அதில் வயரின் அளவும், ஆர்சிசிபியின் வகையும், எழுச்சித் தடுப்பானும், எர்த் சோதனையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘வயரிங் மொத்தம்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அந்தப் பாதி விலை எதிலிருந்து குறைக்கப்பட்டது என்பது தெரியாது. வேலை முடிந்த நாளில் அவர் கிளம்புவதற்கு முன், காரை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எம்சிபியையும் வயர் முனைகளையும் வெப்பமானியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானைத் தந்தையார் கையாலேயே அழுத்திப் பார்க்கட்டும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்ப்பதையும் அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.